ஸ்கிரிப்ட் காட்டும் நேரம் சில மணி நேரம் பின்தங்குகிறதா?

கேள்வி: இப்போதைய நேரத்தை விண்டோஸின் 18 இலக்க எண்ணாக மாற்ற பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதினேன். யூடிசிநவ்() கொடுத்து நேரம் எடுத்து, அதை டைம்ஸ்டாம்ப்() ஆக்கி, 11644473600-ஐக் கூட்டினேன். விடை சில மணி நேரம் பின்தங்குகிறது. காசு கொடுத்து கன்வர்ட்டர் வாங்கிவிடட்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். உங்கள் கூட்டல் சரி. டைம்ஸ்டாம்ப்() தருவது யூனிக்ஸ் நேரம், அது 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணுகிறது. விண்டோஸ் 1601 ஜனவரி 1-லிருந்து, ஒரு விநாடியை ஒரு கோடிக் கூறாக்கி எண்ணுகிறது. இரண்டுக்கும் இடைவெளியான 11644473600 விநாடியைக் கூட்டி ஒரு கோடியால் பெருக்கினால் போதும். 1700000000-ஐப் போட்டுப் பாருங்கள். 133444736000000000 வர வேண்டும். இந்தப் பெருக்கலுக்கா காசு?

கோளாறு நேரத்தை எடுக்கும் இடத்தில் இருக்கிறது. யூடிசிநவ்() சரியான யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தைத்தான் தரும். ஆனால் ‘இது யூடிசி’ என்ற அடையாளத்தை அதில் ஒட்டாது. அடையாளம் இல்லாததால் டைம்ஸ்டாம்ப்() அதை உங்கள் ஊர் நேரமாக எடுத்துக்கொண்டு நேர வித்தியாசத்தை இன்னொரு முறை கழித்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகள் இந்தக் குழியை மூடாமல் வைத்திருந்துவிட்டு, பைத்தான் 3.12-ல்தான் எச்சரிக்கை போட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் நேரத்தை நானோ விநாடியில் தரும் டைம்.டைம்_என்எஸ்() பயன்படுத்துங்கள். மீதியை விட்டு 100-ஆல் வகுத்து, 116444736000000000-ஐக் கூட்டுங்கள்.

விடையை எக்செலில் ஒட்டுவீர்கள் என்றால் ஒன்று. எக்செல் எண்ணில் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். கடைசி மூன்றும் பூஜ்யமாகிவிடும். பிழைச் செய்தி வராது, எண்ணும் பார்வைக்கு முழுசாக இருக்கும். தொலைவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு விநாடிக்கும் குறைவு. ஆனால் அந்த எண்ணை வைத்து மூலப் பதிவுகளோடு பொருத்தினால் அநேகமாக ஒன்றுகூடப் பொருந்தாது. ஒரு முறை இப்படி ஒரு முழு நாளை இழந்திருக்கிறேன். ஒட்டுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். ஒட்டிய பிறகு மாற்றினால் போன இலக்கம் திரும்பாது.

இலவச கன்வர்ட்டர் தளங்களிலும் கவனம். வெறும் எண்ணைப் போட்டால் ஆபத்தில்லை. அவசரத்தில் லாக் (கணினியின் நிகழ்வுப் பதிவு) வரியை முழுதாக ஒட்டிவிடுகிறோம். அதில் பயனர் பெயர், டோக்கன் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உள்ளே விடும் ரகசியக் குறி), சில சமயம் கடவுச்சொல்லே இருக்கும். அது யார் கைக்குப் போகிறது என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஏற்கெனவே ஒட்டியிருந்தால் முதலில் டோக்கனையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், ஸ்கிரிப்டைப் பிறகு திருத்தலாம்.