மலையும் இடிமழையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஏப்ரல், மே மாதங்களில் ஏற்காட்டில் காலை வானம் பளிச்சென்று இருக்கிறது. மதியம் இரண்டு மணிக்கெல்லாம் இடி. கீழே சேலத்தில் வெயில் கொளுத்துகிறது. ஏன் சார்?

பதில்: வெயில் பட்டதும் மலைச்சரிவும் அதை ஒட்டிய காற்றும் சூடாகின்றன. அதே உயரத்தில், சமவெளிக்கு மேலே வெட்டவெளியில் இருக்கும் காற்றுக்கு இந்தச் சூடு கிடைப்பதில்லை. அதனால் சரிவுக் காற்று லேசாகி ஏறுகிறது. நாலாபக்கமிருந்தும் ஏறுகிற காற்று முகட்டில் வந்து முட்டி, வேறு போக்கில்லாமல் மேலெழுகிறது. ஈரம் போதுமானதாக இருந்தால் இடிமழைதான். அது சேலத்துக்கு இறங்கி வருமா என்பது பெரும்பாலும் மேல்காற்றின் திசையைப் பொறுத்தது.

கேள்வி: அப்படியானால் பெரிய ஆலங்கட்டியும் டொர்னேடோ என்கிற சூறைச் சுழல்காற்றும் அமெரிக்காவின் ராக்கி மலைமேல் அல்லவா அதிகம் வர வேண்டும்? கிழக்கே சமவெளியில் ஏன்?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மலை மேகத்தைக் கிளப்பிவிடும், சில நேரம் அடக்கியும் வைக்கும். மெக்சிகோ, ராக்கி மலைப் பக்கத்து மேட்டுநிலங்களில் காய்ந்த வறண்ட காற்று கிழக்கே நகர்ந்து, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரக்காற்றின் மேல் மூடி போல உட்கார்ந்துகொள்கிறது. கீழே வெப்பமும் ஈரமும் சேர்ந்துகொண்டே போகும், மூடி விடாது. மாலையில் ஏதோ ஓரிடத்தில் அது உடைந்தால், பகலெல்லாம் சேர்ந்தது மொத்தமும் ஒரே மூச்சில் மேலே பாயும். உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறினால் அந்த மேகமே சுழல ஆரம்பிக்கும். மூடி இல்லாவிட்டால் மதியமே சின்னச் சின்ன மழையாக வடிந்து போயிருக்கும்.

வங்காளத்தில் கோடையில் வரும் கால்பைசாகி என்ற இடிப்புயலிலும் இதையே பார்க்கலாம். மேலே சோட்டா நாக்பூர் மேட்டுநிலத்தின் வறண்ட காற்று, கீழே வங்கக்கடலின் ஈரம்.

கேள்வி: டொர்னேடோ மலை ஏறாது என்கிறார்களே?

பதில்: ஏறும். 1987 ஜூலை 21 அன்று வயோமிங்கில் எஃப்4 அளவு (எஃப்5-தான் உச்சம்) டொர்னேடோ ஒன்று ராக்கி மலையின் நீர்பிரி முகட்டையே, அதாவது ஆறுகள் கிழக்கும் மேற்குமாகப் பிரியும் முகட்டையே, தாண்டிப் போனது. மலையில் அவை அபூர்வம், அவ்வளவுதான்.

கேள்வி: மலையில் ஒரே இடத்தில் மணிக்கணக்கில் கொட்டுவது எப்படி அண்ணா? அடிக்கடி ட்ரெக்கிங் போகிறேன், பயமாக இருக்கிறது.

பதில்: மேல்காற்று பலவீனமாக இருந்தால் மேகம் நகராது. அப்போது ஈரக்காற்று சரிவில் ஏறி ஏறி அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தால் மழை அங்கேயே நின்று கொட்டும். 1976 ஜூலை 31 மாலை கொலராடோவின் பிக் தாம்ப்சன் பள்ளத்தாக்கில் இப்படித்தான் சில மணி நேரத்தில் சுமார் 300 மி.மீ. கொட்டியது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில் பெரிய மழையே இல்லை, வெள்ளம் மட்டும் வந்தது. காரிலேயே தப்பிவிடலாம் என்று நினைத்தவர்களையும் அது அடித்துக்கொண்டு போனது. அப்புறம்தான் அந்த மாநிலப் பள்ளத்தாக்குச் சாலைகளில் ‘வெள்ளம் வந்தால் மேட்டில் ஏறுங்கள்’ என்று பலகை வைத்தார்கள்.

நம் காட்டாறுகளுக்கும் இதுவேதான். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருந்தாலும், மலைமுகட்டுப் பக்கம் கறுத்திருந்தால் ஓடையில் இறங்காதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பையை எடுக்கக்கூட நிற்காமல் மேட்டில் ஏறிவிடுங்கள்.