தடை தாண்டும் குதிரையைப் படமெடுப்பது எப்படி? (கேமரா கேள்வி பதில்)

கேள்வி: குதிரைகள் தடை தாண்டும் போட்டியில், தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுக்கும் வசதியை வைத்து நூற்றுக்கணக்கில் எடுத்தேன். பெரும்பாலான படங்களில் குதிரை இன்னும் எழும்பவில்லை, அல்லது தரையிறங்கிவிட்டது. கால்களும் கலங்கித் தெரிகின்றன. விலை உயர்ந்த கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பெரிய போட்டிகளில் குதிரை நிமிடத்துக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில், ஷட்டர் (கேமராவுக்குள் ஒளியை விடும் திரை) 1/250 நொடி திறந்திருந்தால் குதிரையின் உடல் ஏறக்குறைய 27 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும்; 1/1000 நொடி என்றால் 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. மடங்கி எழும் முன்னங்கால்கள் உடலைவிட விரைவாக அசைவதால், 1/1600 வைப்பது இன்னும் நல்லது. அப்போது குறையும் ஒளியை ஈடுகட்ட ஐ.எஸ்.ஓ.வை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) உயர்த்தத் தயங்காதீர்கள். படத்தில் சற்றே புள்ளி தெரிவதைப் பொறுத்துக்கொள்ளலாம், கலங்கிய குளம்பைத் திருத்தவே முடியாது.

தருணம் தவறுவதற்குக் காரணம் வேறு. நொடிக்கு 10 படம் எடுக்கும் கேமராவிலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே குதிரை 60 சென்டிமீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. ஆகவே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட, தடையை நெருங்கும் கடைசி மூன்று பாய்ச்சல்களின் குளம்போசையைக் காதால் எண்ணி, முன்னங்கால்கள் தரையை விடும் கணத்தில் அழுத்தப் பழகுங்கள். குதிரை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பு, முழங்கால்கள் மார்போடு மடங்கி, காதுகள் முன்னோக்கி விறைத்து, சவாரி செய்பவரின் கைகள் கடிவாளத்தைத் தளர்த்திக் கழுத்தோடு முன்னே செல்லும் நிலைதான் குதிரையை அறிந்தவர்கள் தேடும் படம். பின்னங்கால் குளம்புகளிலிருந்து தெறித்த மணல் அப்போதும் காற்றில் இருக்கும். அந்த மணல்தான் படத்துக்கு உயிர்.

நிற்கும் இடத்தைப் போட்டி தொடங்கும் முன்பே தீர்மானியுங்கள். சவாரி செய்பவருக்கு வலப்புறம் சிவப்புக் கொடியும் இடப்புறம் வெள்ளைக் கொடியும் இருக்கும்படிதான் குதிரை தாண்ட வேண்டும் என்பது விதி என்பதால், கொடிகளைப் பார்த்தாலே அது எந்தத் திசையிலிருந்து வரும் என்று தெரிந்துவிடும். ஒற்றைத் தடையைவிட, அகலமான இரட்டைத் தடையில் (இரு வரிசைக் கம்பங்களை ஒரே தாவலில் தாண்டுவது) குதிரையின் முதுகு அழகாக வளையும் என்பதால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். இறங்கும் பக்கத்தில், சற்றுச் சாய்வாக, அடுத்த தடை இருக்கும் திசையில் நில்லுங்கள். காற்றில் இருக்கும்போதே சவாரி செய்பவர் அடுத்த தடையை நோக்கித் தலையைத் திருப்புவார், முகம் உங்களுக்குக் கிடைக்கும். பின்னணியில் விளம்பரப் பலகையோ வாகனங்களோ இல்லாத கோணமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபிளாஷ் மட்டும் கூடவே கூடாது. குதிரை ஒரு கணம் மிரண்டாலும் அதன் காலுக்கும், மேலே இருப்பவரின் உயிருக்கும் ஆபத்து. தடைக்கு அருகில் குனிந்திருந்துவிட்டுச் சட்டென்று எழுவதும் அதே தவறுதான்.

கேள்வி: கருங்குதிரை சாம்பல் நிறமாகவும், வெண்குதிரை மங்கலாகவும் பதிவாகின்றனவே?

பதில்: கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். வெயில் மாறாத வரை, மைதானத்துப் புல்லை அளந்து, அந்த அளவை மேனுவலில் (அளவுகளை நாமே அமைக்கும் முறையில்) நிலைநிறுத்திவிட்டால் இரண்டு குதிரைகளும் தத்தம் நிறத்திலேயே வரும்.