மகளின் மடிக்கணினி வேலையும் டிஜிட்டல் உழைப்பும்

மலேசியாவின் பினாங்கிலுள்ள பாயான் லெப்பாஸிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள், கணினிக்குப் பொருள்களை அடையாளம் காணக் கற்றுத்தருவதற்காக, சாலைப் படங்களில் தெரியும் மோட்டார் சைக்கிள்களைச் சுற்றிக் கட்டம் வரைந்து இணையத் தளம் ஒன்றுக்குக் கொடுத்துச் சம்பாதிக்கிறார். மகன் செயலி வழி உணவு விநியோகம் செய்கிறார். வாசகியோ தம் பலகார வியாபாரத்துக்கு முகநூல் பக்கம் நடத்துகிறார். இவையனைத்தும் டிஜிட்டல் உழைப்பே, அதாவது இணையத்தையும் கணினிக் கருவிகளையும் சார்ந்து கூலிக்கோ கூலியின்றியோ நடக்கும் உழைப்பே, என்று மகள் சொல்வதால் குடும்பத்துக்கு என்ன பயன் என்பது அவருடைய கேள்வி.

இக்கருத்தின் வேர் இணையம் பரவியதற்கும் முந்தியது. ஊடகங்கள் விளம்பரதாரருக்கு விற்கும் சரக்கு பார்வையாளர் கூட்டமே என்று 1977-இல் ஊடக ஆய்வாளர் டாலஸ் ஸ்மைத் வாதிட்டார். இணையத்தில் மக்கள் விரும்பியே ஊதியமின்றிச் செய்யும் பணிகளும் உழைப்புதான் என்று 2000-இல் ஆய்வாளர் டிசியானா டெரனோவா எழுதினார். மற்றோர் ஆய்வாளரான கிறிஸ்டியன் ஃபுக்ஸ், கணினி, கைபேசி போன்ற கருவிகளுக்கான கனிமம் தோண்டுபவரையும் பாகங்களைப் பொருத்தும் ஆலைத் தொழிலாளியையும் இதில் சேர்த்தார். அதன்படி, உங்கள் ஊரின் மின்னணு ஆலைகளில் ஷிப்டு பார்த்த பெண்களும் டிஜிட்டல் உழைப்பாளர்களே. இவ்வளவு விரித்தால் கருத்து நீர்த்துப்போகிறது என்பாரும் உண்டு; எனக்கும் அந்த ஐயம் உண்டு.

ஆயினும், கூலிக் கணக்கில் ஏறாத நேரத்தை அது கண்ணில் படச் செய்கிறது. உங்கள் மகள் கட்டம் வரையும் நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். வேலை வருமா என்று திரையைப் பார்த்துக் காத்திருப்பது, ஊதியமில்லாத தகுதித் தேர்வு எழுதுவது, ஒப்படைத்த பின் நிராகரிக்கப்பட்ட படங்களுக்குச் செலவிட்டது ஆகியவற்றையும் இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து, கைக்கு வந்த தொகையை மொத்த மணிக்கணக்கால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடை வாசலில் ஆர்டருக்காக நிற்கும் மகனுக்கும் இதே கணக்குதான். முகநூல் பக்கத்தின் நிலை வேறு: பலகாரம் விற்ற இலாபம் உங்களுடையது, பக்கத்துக்கு வருவோரின் கவனத்தை வைத்து விளம்பரம் விற்பது அந்த நிறுவனம்.

உரிமை கோரும்போது டிஜிட்டல் உழைப்பு என்னும் சொல் உதவாது, ஏனெனில் சட்டம் முதலில் ஒப்பந்தத்தைப் பார்க்கும். மகன், 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு அமைப்பில் பதிந்திருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். வேலையின்போது விபத்து நேர்ந்தால் சிகிச்சைக்கும் வருமான இழப்புக்கும் அது கைகொடுக்கும். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய கிக் தொழிலாளர் சட்டம், அதாவது மகனைப் போல் தளங்கள் வழி வேலை பெறுவோருக்கான சட்டம், தகராறுகளுக்குத் தனி நடுவர் மன்றம் அமைக்க வகை செய்கிறது. மகளின் தளம் வெளிநாட்டு நிறுவனமாக இருந்தால், தகராறு எந்த நாட்டுச் சட்டப்படி தீர்க்கப்படும், நிராகரித்த வேலையை அவர்கள் வைத்துக்கொள்ளலாமா என்னும் இரண்டு விதிகளை ஒப்பந்தத்தில் தேடிப் படித்த பிறகே அடுத்த வேலையை ஏற்கச் சொல்லுங்கள்.