விரல் மூட்டில் வலி, தோலில் முண்டு: பயாப்சி பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: விரல் மூட்டெல்லாம் வலி, நகத்தோரம் சிவந்த சிறு முண்டுகள். முடக்குவாதம் என்றார்கள். இப்போது ‘மல்டிசென்ட்ரிக் ரெட்டிகுலோஹிஸ்டியோசைட்டோசிஸ்’ என்று சந்தேகப்பட்டு பயாப்சி (முண்டிலிருந்து சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) கேட்கிறார்கள். ரத்தப் பரிசோதனை போதாதா?

போதாது. தோலிலும் மூட்டுகளிலும் ஒருவகைச் செல்கள் குவியும் அரிய நோய் இது; இதைக் காட்டிக்கொடுக்கும் ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. பலருக்கு முதலில் மூட்டுவலிதான் வரும். முண்டுகள் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். அதனால் முடக்குவாதம் என்று நினைப்பதில் வியப்பில்லை. ஆனால் முடக்குவாதம் பெரும்பாலும் தொடாத விரல் நுனி மூட்டுகளையும் இது அரிக்கும்.

கேள்வி: ரிப்போர்ட்டில் ‘கிரவுண்ட் கிளாஸ்’ என்று போட்டிருக்கிறதே?

ஸ்லைடைப் பார்க்கும் நோயியல் மருத்துவர்களான நாங்கள் தேடுவதே அதைத்தான். ஹிஸ்டியோசைட் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் தோலின் மேலடுக்குக்குக் கீழுள்ள டெர்மிஸ் அடுக்கில் குவிகின்றன. அவற்றோடு பல உட்கருக்கள் கொண்ட ராட்சத செல்களும் இருக்கும். வழக்கமான ஹெச் அண்ட் ஈ சாயத்தில் அவற்றின் உள்பகுதி தேய்த்த கண்ணாடி போல மங்கிய இளஞ்சிவப்பாகத் தெரியும். பி.ஏ.எஸ். சாயம் (சர்க்கரை சார்ந்த பொருள்களைக் காட்டுவது) நன்றாக ஏறும். கிளைகோஜனை (செல்லில் சேமிக்கப்படும் சர்க்கரை) கரைக்கும் டயஸ்டேஸ் என்ற நொதியைப் போட்ட பிறகும் போகாது, ஆகவே அது கிளைகோஜன் இல்லை. செல்லின் வகையைக் காட்டும் புரதக் குறியீடுகளில் சிடி68 பாசிட்டிவ், சிடி1ஏ நெகட்டிவ் என்று வந்தால் லாங்கர்ஹான்ஸ் செல் நோயும் (இதேபோல் செல்கள் குவியும் வேறொரு நோய்) விலகிவிடும். முடக்குவாத முண்டில் படம் வேறு: நடுவில் சிதைந்த திசு, சுற்றிலும் வேலி கட்டியதுபோல் செல்கள்.

ஒரு சிக்கல் உண்டு. மூட்டுநோயே இல்லாதவருக்கு வரும் ஒற்றை ரெட்டிகுலோஹிஸ்டியோசைட்டோமா கட்டியும் ஸ்லைடில் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். படிவத்தில் ‘தோல் கட்டி’ என்று மட்டும் எழுதி அனுப்பினால் எங்களுக்குத் தலைவலி. மூட்டுவலியையும் எழுதச் சொல்லுங்கள். அப்புறம், புதிதாக வந்த முண்டில் ராட்சத செல்கள் குறைவாக இருக்கலாம். கொஞ்சம் பழையதிலிருந்து எடுப்பது நல்லது.

கேள்வி: கவுட் (யூரேட் படிகங்கள் மூட்டில் சேரும் நோய்) சந்தேகமும் இருந்தால்?

முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பயாப்சித் துண்டைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் யூரேட் படிகங்கள் கரைந்துவிடும். அதற்கு ஆல்கஹாலில் ஒரு துண்டு தனியாக வேண்டும்.

கேள்வி: பயாப்சியில் இந்த நோய்தான் என்று உறுதியானது. உடனே புற்றுநோய்ப் பரிசோதனைகள் எழுதிவிட்டார்கள். இது புற்றுநோயா?

இல்லை. ஆனால் பதிவான நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்கு உடலில் எங்கோ ஒரு புற்றுநோயும் இருந்திருக்கிறது. இன்ன உறுப்பில்தான் என்று கிடையாது, அதனால்தான் பட்டியல் நீளமாக இருக்கிறது. அந்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: முண்டை வெட்டினால் நோய் பரவுமா?

பரவாது. அந்த இடத்தை மரத்துப்போகச் செய்து, சில மில்லிமீட்டர் துண்டுதான் எடுப்பார்கள்.