விலைக்கு ‘இன்பொக்ஸ்’, குறைக்குப் பதிலில்லை

கேள்வி: முகநூலில் படம் பார்த்து ஒரு சுடிதாருக்கு 4,800 ரூபா வங்கியில் போட்டேன். வந்தது வேறு நிறம், தோளும் இறுக்கம். செய்தி அனுப்பினால் பார்த்ததாகக் காட்டியது. பிறகு என்னை புளொக் பண்ணிவிட்டார்கள். (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: தங்கச்சி, காசையும் வாங்கிக்கொண்டு கதவையும் சாத்தியிருக்கிறார்கள். பாசல் உறையை எறிந்துவிடாதீர்கள். கூரியர் சீட்டில் அனுப்பியவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். பணம் போட்ட சீட்டில் கணக்கு யாருடையது என்று இருக்கும். அந்தப் பக்கத்தை வீட்டில் வேறொருவரின் போனில் திறந்து படம் எடுத்து வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துக் கேளுங்கள். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள். வட்ஸ்அப் செய்தி எல்லாம் சாட்சியா என்று யாராவது சிரித்தால், 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேள்வி: பாதி விலை. முகவரியும் இல்லை, போன் எண்ணும் இல்லை. காசு போடலாமா? (மாங்குளம்)

பதில்: வேண்டாம்.

கேள்வி: கிளிநொச்சியில் வீட்டிலிருந்தே சட்டை தைத்து, சொந்தப் பெயர் போட்டு விற்கிறேன். இரவு பதினொரு மணிக்கும் அழைக்கிறார்கள். பக்கத்திலிருந்து போன் எண்ணை நீக்கிவிடட்டுமா?

பதில்: நீக்காதீர்கள், அம்மா. நேரத்தைப் போடுங்கள்: காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. அதற்குப் பிறகு போனை அணைத்துவிட்டு நித்திரை கொள்ளுங்கள், ஒருவரும் கோபிக்கப்போவதில்லை.

கொழும்புப் பெரிய கடைக்குப் போன் எடுத்தால் பாட்டுத்தான் கேட்கும். “இந்தத் துணி ஒரு தோய்ப்பில் சுருங்கும், ஒரு சைஸ் கூட எடுங்கோ” என்று சொல்ல, தைத்த கை உங்களுடையது. அதை விட்டுவிட்டு எங்கள் ஆட்கள் ‘விலைக்கு இன்பொக்ஸ்’ என்று போடுகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்காது! கடையில் விலையைத் தொங்கவிட வேண்டும் என்பது சட்டம். முகநூலில் மட்டும் விலை என்ன அந்தரங்கமா? நான் அப்படி இன்பொக்ஸில் விலை கேட்டு வாங்கிய கறுப்புச் சட்டை முதல் தோய்ப்பிலேயே மற்ற உடுப்பெல்லாவற்றையும் சாம்பலாக்கியது. கேட்டதற்கு “அட்மின் பதில் சொல்வார்” என்றார்கள். அந்த அட்மினை இன்னும் காணவில்லை.

நீங்கள் விலை, நெஞ்சளவு, தோளளவு, எத்தனை நாளுக்குள் மாற்றலாம், திரும்ப அனுப்பும் கூரியர் காசு யாருடையது என்பதையெல்லாம் படத்துக்குக் கீழேயே எழுதுங்கள். பாதி அழைப்பு தானாகக் குறையும். குறை சொல்லி எடுப்பவரை மட்டும் காக்க வைக்காதீர்கள். பதில் கிடைத்தால் அவர் திரும்ப வாங்குவார். கிடைக்காவிட்டால் ஊருக்கெல்லாம் சொல்வார்.

கேள்வி: கலியாணத்துக்கு வாங்கிய பிளவுஸை இரண்டு மாதம் கழித்து இப்பதான் பிரித்தேன். ஊக்கு இல்லை. போன் எடுத்தால், மாற்றும் காலம் முடிந்தது என்கிறார்கள். நியாயமா? (வவுனியா)

பதில்: நியாயம்தான். போனை எடுத்து மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார்களே, இதற்கு மேல் என்ன செய்வார்கள்? வந்த அன்றே பிரித்துப் பார்க்க உங்களுக்கு நேரமில்லை. ஊக்குத் தைக்க சந்தையில் தையல்காரர் இருக்கிறார்.