வீட்டுக்கு அனுப்பியது போக எனக்கென்று என்ன?

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 31 வயது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம். பி.காம் முடித்துவிட்டு 10 வருடமாகச் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போகக் கையில் 38,000 ரூபாய் வருகிறது. அப்பா விசைத்தறி ஓட்டியவர். மூட்டுவலியால் இரண்டு வருடமாக வேலைக்குப் போகவில்லை. அம்மா பீடி சுற்றுகிறார். தம்பி இன்ஜினீயரிங் இரண்டாம் ஆண்டு. நல்ல இடம் வந்ததென்று 3 வருடத்துக்கு முன்பு எனக்கு முன்னாலேயே தங்கைக்குக் கல்யாணம் முடித்தோம். அதற்கு என் பி.எஃப். பணத்தை எடுத்துக் கொடுத்தேன். அப்பா வெளியில் 2 லட்சம் மூணு வட்டிக்கு வாங்கினார். மாதம் 25,000 அனுப்புகிறேன். வட்டிக்கு 6,000, தம்பிக்கு 6,000, அம்மாவின் மகளிர் குழுக் கடனுக்கு 3,000, மீதி வீட்டுச் செலவு. ஹாஸ்டல் கட்டணம் போக எனக்கு மிஞ்சுவது பஸ்ஸுக்கும் போனுக்கும் சரியாக இருக்கும். இப்போது அப்பா, எனக்கு மாப்பிள்ளை பார்ப்பதற்குள் ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும், உன் பெயரில் 6 லட்சம் பர்சனல் லோன் எடு என்கிறார். என்னிடம் இருப்பது 4 சவரன் நகை மட்டும்தான். கூட வேலை பார்ப்பவர்கள் மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் பணம் போடும் எஸ்.ஐ.பி. போடச் சொல்கிறார்கள். எனக்கென்று சேர்க்க நினைத்தாலே வீட்டுக்குத் துரோகம் செய்வதுபோல் இருக்கிறது. என்ன செய்ய?

பெயர் வேண்டாம், சென்னை.

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த 6 லட்சம். எடுக்காதீர்கள். 14 சதவீத வட்டியில் 5 வருடக் கடன் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 13,960 ரூபாய் வரும். உங்களிடம் இருப்பது வீட்டுக்கு அனுப்பியது போக 13,000. ஒன்று, நீங்கள் பட்டினி கிடக்க வேண்டும். அல்லது வீட்டுக்கு அனுப்புவது பாதியாக வேண்டும். மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது 8 லட்சத்து 37 ஆயிரத்துக்கு மேல். அந்த வீடு அப்பாவின் பெயரில் இருக்கிறது. நீங்கள் போட்ட பணம் எந்தப் பத்திரத்திலும் ஏறாது. கல்யாணமாகிப் போன பிறகும் தவணை மட்டும் உங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். கூரையைப் பார்த்துப் பெண் எடுக்கிற வீட்டாருக்காக இவ்வளவு பெரிய சுமையை நீங்கள் தூக்க வேண்டியதில்லை.

துரோகம் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுத்தான் மேலே படித்தேன். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளக் கவரைப் பிரிக்காமல் அப்பா கையில் கொடுத்தவள்தான். அதில் எனக்கு இருந்த பெருமை பொய்யில்லை. ஆனால் 29 வயதில் குடல்வால் ஆபரேஷனுக்காக மருத்துவமனையில் படுத்தபோது, முன்பணம் கட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. விடுதியில் கூட இருந்த தோழி தன் வளையலை அடகு வைத்துக் கட்டினாள். ஊரிலிருந்து அப்பா வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "உனக்குன்னு எதுவும் வச்சுக்கலையாம்மா?" என்று கேட்டார். அவருக்கு அது தெரியவே தெரியாது. நானும் சொன்னதில்லை. உங்கள் அப்பாவுக்கும் தெரியாமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்குவது நீங்கள் ஒருவர்தான். நீங்கள் ஒரு மாதம் படுத்துவிட்டால் அந்த வீட்டில் வட்டியும் நிற்கும், அடுப்பும் நிற்கும். அதனால் உங்களுக்காக எடுத்துவைக்கிற பணம் அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

இப்போது மூணு வட்டிக்கு வருவோம். எனக்கு உறுத்துவது பர்சனல் லோனை விட இதுதான். நூற்றுக்கு மாதம் மூணு ரூபாய் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வருடத்துக்கு 36 சதவீதம். மாதம் 6,000 வீதம் 3 வருடத்தில் நீங்கள் கொடுத்திருப்பது 2,16,000 ரூபாய். வாங்கியதற்கு மேலேயே கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் அந்த 2 லட்சத்தில் ஒரு ரூபாய் குறையவில்லை. கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. நம் வீட்டுக் கணக்கு என்று வரும்போது மட்டும் யாரும் பென்சிலை எடுப்பதில்லை.

உங்கள் 4 சவரனை ஒரு பொதுத்துறை வங்கியில் உங்கள் பெயரில் அடகு வையுங்கள். இன்றைய தங்க விலையில் 2 லட்சம் தாராளமாகக் கிடைக்கும். வருடத்துக்கு 10 சதவீத வட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வட்டிக்காரருக்குக் கொடுத்துவந்த அதே 6,000 ரூபாயை மாதாமாதம் வங்கியில் கட்டினால், அசலும் வட்டியும் சேர்ந்து ஏறக்குறைய 40 மாதத்தில் தீர்ந்துவிடும். கூடுதலாக ஒரு ரூபாய் வேண்டாம். நகைக் கடனில் இடையில் அசலைக் குறைக்க வசதி இருக்கிறதா, வருடம் முடிந்ததும் எப்படித் திருப்பி வைப்பது என்பதை முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போகும். அதனால் அந்தத் தேதியை நீங்களே குறித்துவையுங்கள், அப்பாவிடம் விடாதீர்கள்.

இருக்கிற ஒரே நகையையும் வீட்டுக்கே வைக்கச் சொல்கிறாரே என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வட்டி ஓடுகிறவரை நீங்கள் எதைச் சேர்த்தாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர்தான். அதனால் இதை மூன்று நிபந்தனைகளோடு செய்யுங்கள். அடகுச் சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். 2 லட்சத்தை அப்பாவிடம் ரொக்கமாகக் கொடுக்காமல், நீங்களும் அப்பாவும் ஊரில் பெரியவர் ஒருவரும் சேர்ந்து போய்க் கடன்காரரிடம் நேராகக் கொடுக்க வேண்டும். முடிந்தால் வங்கி வழியாக. கடனுக்கு எழுதிக்கொடுத்த புரோநோட்டையும், வெற்றுக் காசோலை ஏதாவது கொடுத்திருந்தால் அதையும், கணக்குத் தீர்ந்தது என்று ஒரு கையெழுத்தையும் வாங்காமல் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. பணத்தைக் கொடுத்துவிட்டு "அப்புறம் தருகிறேன்" என்ற வார்த்தையை நம்பி வந்து, பல வருடம் கழித்து அதே நோட்டுக்கு வழக்கைச் சந்தித்தவர்களை எனக்குத் தெரியும். கெடுபிடி செய்தால், கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டமே இருக்கிறது என்பதை அப்பாவுக்குச் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போகாது.

தம்பியின் செலவு. இதை நீங்கள் மாதாமாதம் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. கல்விக் கடன் இரண்டாம் ஆண்டிலும் கேட்கலாம். 4 லட்சம் வரை சொத்துப் பிணையம் கேட்பதில்லை. அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டால் போதும். வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டாம். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரிக்கு உரிய அங்கீகாரமும் இருந்தால், படிக்கும் காலத்து வட்டிக்கு மத்திய அரசின் மானியம் இருக்கிறது. விண்ணப்பிக்கும்போதே வங்கியில் அதைக் கேளுங்கள். கடன் தம்பி பெயரில் இருக்கட்டும், வேலைக்குப் போய் அவனே கட்டட்டும். நீங்கள் அதில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன் போட்டவருக்கும் கடன் வாங்கியவருக்கும் பொறுப்பு ஒன்றேதான். அவன் கட்டத் தவறினால் வங்கி நேராக உங்களிடம் வரலாம். அவன் கைச்செலவுக்கு 2,000 அனுப்புங்கள், அக்கா கொடுத்ததாக இருக்கட்டும். மிச்சம் 4,000 உங்களுடையது.

அம்மாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவர் மேல்தான் கண். பீடிக் கம்பெனி பாஸ் புத்தகம் அவர் பெயரில் இருக்கிறதா, அல்லது வேறு யார் பெயரிலாவது இலையும் தூளும் வாங்கிச் சுற்றுகிறாரா? பீடித் தொழிலாளருக்கும் பி.எஃப். உண்டு. 10 வருடச் சேவை இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷனும் உண்டு, குறைந்தது 1,000 ரூபாய். எத்தனையோ அம்மாக்கள் ஆதாரில் ஒரு பெயரும் கம்பெனிப் பதிவில் வேறு பெயருமாக இருந்து, வர வேண்டிய பணம் வராமல் அலைகிறார்கள். இன்று இரவே போன் செய்து அந்தப் புத்தகத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால், தம்பிக்குத் தொழிலாளர் நல நிதியிலிருந்து கல்வி உதவித்தொகை கேட்கவும் வழியிருக்கிறது. அப்படியே முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை வீட்டில் இருக்கிறதா, அப்பாவின் மூட்டு சிகிச்சைக்கு அது உதவுமா என்பதையும் விசாரியுங்கள்.

சரி, அந்த 4,000. சம்பளம் வந்த மறுநாளே 3,000 ரூபாய்க்கு தபால் அலுவலகத்திலோ வங்கியிலோ ஆர்.டி., அதாவது மாதாமாதம் கட்டுகிற தொடர் வைப்பு போடுங்கள். ஹாஸ்டல், சாப்பாடு, பயணம் எல்லாம் சேர்த்து உங்கள் மூன்று மாதச் செலவு 40,000 ரூபாய். 14 மாதத்தில் அது சேர்ந்துவிடும். தீபாவளி போனஸில் பாதியைச் சேர்த்தால் இன்னும் சீக்கிரம். இதை வைத்து எதுவும் வாங்காதீர்கள். வேலை போனால், உடம்புக்கு வந்தால், ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு ஓட வேண்டி வந்தால் மட்டும்.

மீதி 1,000 ரூபாயை பி.பி.எஃப். என்கிற பொது சேமநல நிதிக் கணக்கில் போடுங்கள். வட்டி 7.1 சதவீதம்தான். உங்களுக்கு அதை நான் சொல்வது வட்டிக்காக இல்லை. 15 வருடக் கணக்கு அது. முதல் சில வருடங்கள் பணத்தை எடுக்க முடியாது, ஏழாவது வருடத்திலிருந்துதான் ஒரு பகுதியை எடுக்கலாம். இல்லை என்று சொல்லத் தெரியாதவர்களுக்கு இது பெரிய துணை. யாராவது கேட்டால் "எடுக்க முடியாதுப்பா" என்று சொல்வீர்கள், அது உண்மையாகவும் இருக்கும். எஸ்.ஐ.பி. பிறகு பார்க்கலாம். 36 சதவீத வட்டி கட்டுகிற வீட்டில் 12 சதவீதம் வருமென்று நம்பிப் பணம் போடுவதில் கணக்கு உதைக்கிறது. நகை திரும்பி வந்ததும் அந்த 6,000 முழுக்க உங்களுடையது, அப்போது எழுதுங்கள்.

பி.எஃப்.-ஐ இனி யார் கல்யாணத்துக்கும் தொடாதீர்கள். நிறுவனம் போடுகிற பங்கும் சேர்ந்து வளர்கிற பணம் அது. பாஸ் புத்தகத்தைப் பாருங்கள், வாரிசு நியமனம் செய்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். கல்யாணமானால் பழைய நியமனம் செல்லாது, புதிதாகச் செய்ய வேண்டும். உங்களை நம்பி மூன்று பேர் இருப்பதால், வங்கிக் கணக்கோடு வருகிற இரண்டு மத்திய அரசுக் காப்பீடுகளையும் போட்டுவிடுங்கள். ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய், இரண்டிலும் 2 லட்சம் வரை வரும். பின்னால் ஒரு டெர்ம் பாலிசி, அதாவது குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு எடுக்கலாம்.

இதையெல்லாம் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். போனில் சொல்லாதீர்கள். போனில் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் போங்கள். அப்பா, அம்மா, தம்பி மூவரையும் உட்காரவைத்து, யாரிடம் எவ்வளவு, என்ன வட்டி, இதுவரை கொடுத்தது எவ்வளவு என்று அப்பாவின் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதுங்கள். 2,16,000 என்ற எண்ணை அவரே கூட்டிப் பார்க்கட்டும். நீங்கள் கூட்டிச் சொன்னால் குற்றம் சாட்டுவதுபோல் ஆகிவிடும். தறி ஓட்டிக் குடும்பத்தைக் காத்தவர், இன்று மகள் காசில் உட்கார்ந்திருக்கிறோமே என்ற வலி அவருக்கும் இருக்கும். கான்கிரீட் வீடு கேட்பதில் அந்த வலியும் கலந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு சொல்லுங்கள்: "அப்பா, மாசம் இவ்வளவு, இந்தத் தேதியில வந்துரும். கடன் தீரும்வரைக்கும் புதுசா எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுக்கு இப்போ வெள்ளையடிப்போம். காங்கிரீட்டு கடன் முடிஞ்ச பிறகு பேசலாம்." ஆர்.டி., பி.பி.எஃப். இருப்பதை மறைக்க வேண்டாம். மறைத்துத் தெரியவந்தால் அந்த மனக்கசப்பு எளிதில் போகாது. ஆனால் அதில் எவ்வளவு இருக்கிறது என்று மாதாமாதம் சொல்லவும் வேண்டியதில்லை. அவர் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம். இருக்கட்டும். வழக்கமான தேதியில் பணத்தை அனுப்புங்கள்.

வரன் வந்தால், கல்யாணத்துக்குப் பிறகும் பெற்றோருக்கு மாதம் இவ்வளவு அனுப்புவேன் என்பதை நிச்சயத்துக்கு முன்பே நீங்களே அவரிடம் நேராகச் சொல்லுங்கள். முகம் சுளிக்கிறவரை அன்றைக்கே தெரிந்துகொள்வது நல்லது.

தை முடிவதற்குள் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். அந்தப் புரோநோட்டு கைக்கு வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும்.