பச்சை நண்டும் உள்ளூர் நண்டுகளும்: கேள்வி பதில்

ஐரோப்பியக் கடற்கரையைத் தாயகமாகக் கொண்ட பச்சை நண்டு, வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் பரவிவருவது குறித்து வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

சுமார் பத்து சென்டிமீட்டர் அகலமே வளரும் இந்த நண்டு, அதைவிடப் பெரிதாக வளரும் உள்ளூர் இனமான டஞ்சனஸ் நண்டை எப்படிப் பாதிக்கும், ஐயா?

வளர்ந்த டஞ்சனஸ் நண்டுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. பாதிப்பு குஞ்சுப் பருவத்தில்தான் நேர்கிறது. டஞ்சனஸ் குஞ்சுகள் கழிமுகத்துச் சேற்றில் கிடக்கும் வெற்றுச் சிப்பி ஓடுகளுக்கு அடியிலும் கடற்புல்லுக்குள்ளும் பதுங்கி வளர்கின்றன. ஒத்த அளவுள்ள இரண்டு இனக் குஞ்சுகளையும் ஒரே தொட்டியில் விட்டுப் பார்த்த ஆய்வில், பச்சை நண்டு மற்றதை ஓட்டின் அடியிலிருந்து வெளியேற்றி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரையிடமும் அதுவே முதலில் போய்ச் சேர்ந்தது. மறைவிடம் இழந்த குஞ்சு வெட்டவெளிச் சேற்றில் மீன்களுக்கும் பெரிய நண்டுகளுக்கும் எளிதில் இரையாகிவிடும். ஆகவே சண்டையில் எது எதைக் கொல்கிறது என்று பார்ப்பதைவிட, எது மறைவிடத்தை இழக்கிறது என்று பார்ப்பதே சரியான கணக்கு என்பது என் கருத்து.

ஆய்வுத் தொட்டியில் நடப்பது கடலிலும் நடக்கிறதா?

நடந்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் 1989-90 வாக்கில் முதன்முதலாகக் காணப்பட்ட பச்சை நண்டு, 1993இல் அதற்கு வடக்கே உள்ள பொடேகா துறைமுகத்தை எட்டியது. அங்கு அது வருவதற்கு முன்பிருந்தே ஆய்வாளர்கள் உயிரினங்களை எண்ணிவந்தார்கள் என்பது நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. அது வந்த மூன்று ஆண்டுகளுக்குள், உள்ளூர்க் கரைநண்டு ஒன்றும் சிறு மட்டி இனங்களும் ஐந்திலிருந்து பத்து மடங்குவரை குறைந்துபோயின. பச்சை நண்டுக்கு அவை இரையாகிப் போயின.

உள்ளூர் நண்டுகள் எதிர்த்து நிற்பதே இல்லையா?

நிற்கின்றன. பசிபிக் கரையின் செம்பாறை நண்டு தடித்த கொடுக்கால் பச்சை நண்டை உடைத்துத் தின்றுவிடும். அட்லாண்டிக் கரையில் நீல நண்டு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் செம்பாறை நண்டுக்கு உப்புக் குறைந்த நீர் ஒத்துக்கொள்ளாது. அதனால் ஆற்று நீர் கலக்கும் கழிமுக உட்பகுதிகளில் அதன் காவல் இல்லை. பச்சை நண்டு செழிப்பதும் அங்கேதான். டஞ்சனஸ் குஞ்சுகள் வளரும் இடமும் பெரும்பாலும் அதுவே என்பதுதான் வேதனை.

கூடு வைத்து எல்லாவற்றையும் பிடித்து அழித்துவிட்டால் என்ன?

கலிபோர்னியாவின் சீட்ரிஃப்ட் காயலில் 2009 முதல் அதைத்தான் செய்தார்கள். ஏறத்தாழ 1,25,000 நண்டுகள் இருந்த இடத்தில், 2013இல் 10,000க்கும் குறைவாகவே எஞ்சின. ஆனால் 2014இல் எண்ணிக்கை சுமார் 3,00,000 ஆக உயர்ந்துவிட்டது. பச்சை நண்டில் பெரியவை குஞ்சுகளைத் தின்னும். பெரியவற்றை அகற்றியதும் குஞ்சுகள் மொத்தமாகத் தப்பிப் பிழைத்தன. ஒரு பெட்டை 1,85,000 முட்டைவரை இடக்கூடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பெருக்கம் வியப்பில்லை. பிடிப்பதே வீண் என்று இதற்குப் பொருளில்லை. முற்றாக ஒழிக்க முயலாமல், உள்ளூர் இனங்கள் பிழைக்கும் அளவுக்குக் குறைத்து, அந்த அளவிலேயே ஆண்டுதோறும் வைத்திருக்க வேண்டும் என்பதே அந்த ஆய்வாளர்கள் கண்ட முடிவு. வாஷிங்டன் மாநிலத்தில் லம்மி பழங்குடியினர் தங்கள் கடற்குளத்திலிருந்து 2021இல் 70,000க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தார்கள். மறு ஆண்டு ஜனவரியில் ஆளுநர் நெருக்கடிநிலை ஆணை பிறப்பித்தார்.

இதைத் தாக்கும் ஒட்டுண்ணியைக் கொண்டுவந்து விடலாமா?

கூடாது. ஐரோப்பாவில் இதை மலடாக்கும் ஒட்டுண்ணி ஒன்று உண்டு. சோதனையில் அது பசிபிக் கரையின் உள்ளூர் நண்டுகளுக்குள்ளும் புகுந்தது.

சியாட்டில் அருகே பச்சை நிற நண்டு ஒன்றைக் கண்டேன். கொன்றுவிடலாமா?

அருள்கூர்ந்து கொல்லாதீர்கள். நிறத்தை நம்ப முடியாது: பச்சை நண்டு செம்மஞ்சளாகவும் இருக்கும், உள்ளூர் நண்டுகள் பல பச்சையாகவும் இருக்கும். ஓட்டின் முன்விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் வெளிப்புறம் வரிசையாக ஐந்து முட்கள், கண்களுக்கு நடுவே மூன்று மழுங்கிய மேடுகள் இருந்தால், படமெடுத்து இடத்தைக் குறித்து மாநில மீன்வளத் துறைக்கு அனுப்புங்கள். நண்டை அங்கேயே விட்டுவிடுங்கள். ஆள்மாறாட்டத்தில் உள்ளூர் நண்டு சாகக்கூடாது என்பதற்காகவே அத்துறை பொதுமக்களிடம் இவ்வாறு கேட்டுக்கொள்கிறது.